திரையில் இருக்கும் எண்ணைக் கிராம சபைக்குக் கொண்டுபோவது எப்படி? இராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பாம்பன், தேவிபட்டினம், ஏர்வாடி என்று எந்த ஊரில் கேட்டாலும், ஊராட்சிப் பணம் எங்கே போகிறது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தப் பணத்தின் கணக்கு இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கிறது, கடவுச்சொல்கூட வேண்டாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் ஒருமுறை திறந்து, ஆங்கிலத்தில் நீளும் அட்டவணையைப் பார்த்து மலைத்து மூடியவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு ஸ்மார்ட்போன், ஒரு நீள நோட்டு, நான்கைந்து பேர் போதும். அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும்; ஏன் என்பது போகப்போகத் தெரியும். ஊருக்கென்று தனிச் செயலி செய்து தருகிறேன் என்று பொறியியல் படிக்கும் பிள்ளை யாராவது கிளம்பி வந்தால், தேநீர் வாங்கிக் கொடுத்து நோட்டு எழுத உட்கார வையுங்கள்.

முதல் படி: ஒரே ஒரு கேள்வி

தரவு, வெளிப்படைத்தன்மை என்றெல்லாம் ஆரம்பித்தால் கூட்டம் கலைந்துவிடும். ஊர் ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் விஷயத்திலிருந்து தொடங்குங்கள். குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? மீன் ஏலக்கூடத்துக்கு ஒதுக்கிய பணம் என்னாயிற்று? கடற்கரைத் தெரு விளக்கு ஏன் எரியவில்லை? மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஏன் சிலருக்கு மட்டும் வரவில்லை? இவற்றில் ஒன்றை எடுங்கள். இரண்டு வேண்டாம்.

எடுக்கும் கேள்வி எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருக்க வேண்டும். விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசக்கூடியதாகவும் இருந்தால் நல்லது, ஏனென்றால் முதல் முயற்சியிலேயே ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டால் இரண்டாவது முயற்சி நடக்காது. நடுக்கடல் கைதும் படகுப் பறிமுதலும்தான் இந்தக் கரையின் பெரிய வலி, மறுக்கவில்லை. அதற்குத் தீர்மானம் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் அதன் பதில் டெல்லியிலும் கொழும்பிலும் இருக்கிறது. ஊராட்சிக் கணக்கை வைத்து அதை அசைக்க முடியாது.

இந்த வழிகாட்டியில் குடிநீரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு அலைகிற மாவட்டத்தில் வேறெதை எடுப்பது?

இரண்டாம் படி: அரசு சொல்லும் எண்ணை எடுத்தல்

முதலில் ஜல் ஜீவன் திட்டத்தின் தளம். 2019-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் எத்தனை வீடுகள், எத்தனை வீடுகளுக்குக் குழாய் இணைப்பு என்பது மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று இறங்கிப் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது திட்டம் தனக்குத்தானே வைத்துக்கொண்ட அளவு. இந்த 55-ஐக் குறித்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு என்ற கட்டம் குழாய் பொருத்திய அன்றே நிரம்பிவிடும். அதற்குப் பிறகு காவிரிக் கூட்டுக் குடிநீர் அந்தக் குழாயில் தினமும் வருகிறதா, வாரம் ஒருமுறை வருகிறதா, கடைசித் தெருவுக்கு வருகிறதா என்பதை அந்தக் கட்டம் காட்டாது. உங்கள் வேலை தொடங்குவது இந்த இடைவெளியில்தான்.

அடுத்தது ஊராட்சிகளின் திட்டத்தையும் கணக்கையும் காட்டும் ஒன்றிய அரசின் தளமான இ-கிராம்ஸ்வராஜ். 2020 ஏப்ரலில் வந்தது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கங்கள் முக்கியம்: அந்த ஆண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டம், வரவு செலவு. திட்டத்தில் என்ன வேலை எழுதியிருக்கிறது, அதற்குப் பணம் பட்டுவாடா ஆகியிருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி. அதில் பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. மீதி 40 விழுக்காட்டைத்தான் ஊராட்சி தன் விருப்பப்படி செலவிடலாம். ஆகவே அந்த ஆண்டுகளைப் பற்றி 'தண்ணிக்குன்னு தனியாப் பணம் ஏதுங்க?' என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை எடுத்து வையுங்கள். கூடவே இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: எல்லாப் பணமும் இந்தத் தளத்தில் வராது. சட்டமன்ற உறுப்பினர் நிதியையோ மீன்வளத்துறை கட்டிக்கொடுத்த வலைபின்னும் கூடத்தையோ இங்கே தேடிவிட்டு, காணோம், ஊழல் என்று கத்தினால் முதல் நாளே பெயர் கெட்டுவிடும்.

சிக்கல்கள் சில உண்டு. ஒரே ஊராட்சியின் பெயர் ஒரு தளத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒன்றிய அரசின் உள்ளாட்சிக் கோவை (Local Government Directory) ஒரு குறியீட்டு எண் கொடுத்திருக்கிறது. அதைத் தேடி எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் பெயர்க் குழப்பம் தீர்ந்தது. இரண்டாவது, ஊராட்சி என்பது பல குக்கிராமங்கள் சேர்ந்தது. மொத்தக் கூட்டுத்தொகை அழகாக இருக்கும்போது, சாலையிலிருந்து தள்ளிக் கிடக்கும் மீனவர் குடியிருப்பின் நிலை அதற்குள் மறைந்துபோகும். குடியிருப்புவாரியாக எண் கிடைக்கிறதா பாருங்கள். மூன்றாவது, பார்த்த பக்கத்தை அன்றே தேதியோடு படம் எடுத்து வையுங்கள். தளத்தில் எண்கள் மாறும். போன மாதம் என்ன இருந்தது என்று நிரூபிக்க அந்தப் படம் மட்டுமே சாட்சி.

இராமநாதபுரத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. வளர்ச்சியில் பின்தங்கியவை என்று 2018-இல் நாடெங்கும் தேர்ந்தெடுத்த 'முன்னேற விழையும் மாவட்டங்களில்' தமிழகத்திலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் இருக்கின்றன. சுகாதாரம், கல்வி, வேளாண்மையும் நீரும் என 49 குறியீடுகளில் மாவட்டத்தின் நிலையை நிதி ஆயோக் வெளியிடுகிறது. ஊர்க் கணக்குக்கு இது நேரடியாக உதவாது, மாவட்ட அளவில் பேசும்போது பயன்படும்.

மூன்றாம் படி: ஊர் எழுதும் எண்

நோட்டில் ஐந்து பத்திகள்: தேதி, தண்ணீர் திறந்த நேரம், நின்ற நேரம், பிடித்த குடம், விலைக்கு வாங்கிய குடம். அவ்வளவுதான். பத்து பத்திகள் போட்டால் மூன்றாம் நாள் யாரும் எழுத மாட்டார்கள்.

குடத்தை முதலில் அளக்க வேண்டும். வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் குடத்தில் ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி, எத்தனை பிடிக்கிறது என்று பாருங்கள். 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 275 லிட்டர் வர வேண்டும், அதாவது 18 குடத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு மாதத்துக்கு 550 குடம். நோட்டில் மாதக் கடைசியில் 160 என்று கூட்டல் வந்தால், அந்த 160-க்கும் 550-க்கும் நடுவில் எந்தப் பேச்சாளரும் தேவையில்லை. 55 லிட்டர் என்றால் யாருக்கும் உறைக்காது, 18 குடம் என்றால் எல்லோருக்கும் உறைக்கும்.

தெருவுக்கு இரண்டு வீடு எழுதினால் போதும். ஊரின் தலைமாட்டில், நடுவில், கடைசியில் என்று பரவலாக எடுங்கள். எழுதுபவர்கள் பெரும்பாலும் பெண்களாகத்தான் இருப்பார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் ஆண்கள் கடலில் இருப்பார்கள், அல்லது கடலிலிருந்து வந்து தூங்குவார்கள். பாசி எடுக்கப் போகும் பெண்கள் உள்ள தெருவானால் அவர்கள் திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்பப் போங்கள். எழுதத் தெரியாதவர் வாட்ஸ்அப்பில் குரலாகச் சொன்னாலும் போதும், 'இன்னைக்கு நாலு குடம், உப்பா இருக்கு' என்று. குழுவில் ஒருவர் இரவில் உட்கார்ந்து அதை நோட்டில் ஏற்றிவிடலாம்.

ஆம், உப்பு. அதையும் அளக்கலாம். கரைந்த திடப்பொருளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். மீட்டர் காட்டும் எண்ணை ஓர் எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதிகமாகக் காட்டிய குழாயின் தண்ணீரைக் குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். அலுவலர் முன்னால் பேசுவது ஆய்வகச் சீட்டுதான், மீட்டர் இல்லை.

மாதக் கடைசியில் எல்லா நோட்டையும் கூகுள் ஷீட்டில் ஏற்றுங்கள். தெருவிளக்கு, அடிபம்பு, உடைந்த படித்துறை என்று இடம் குறித்துக் கணக்கெடுக்கும் வேலையானால் கைப்பேசியில் படிவம் நிரப்பும் கருவியான கோபோ டூல்பாக்ஸ் நல்லது. சிக்னல் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பிவிட்டு, சிக்னல் வந்ததும் அனுப்பலாம். தமிழில் கேள்வி போடலாம்.

ஆதார் எண், கைப்பேசி எண், நோய் விவரம் எதையும் வாங்காதீர்கள். ஷீட்டில் வீட்டுக்கு ஒரு வரிசை எண் போதும். மீன்பிடிக்கும் பார்களையும் (கடலடிப் பாறைத் திட்டுகள்) தடங்களையும் யாராவது நம்பிக்கையோடு சொன்னால், அதைப் பொது வரைபடத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

நான்காம் படி: கிடைக்காததைக் கேட்டு வாங்குதல்

மேல்நிலைத் தொட்டிக்குத் தினமும் எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்பது எந்தத் தளத்திலும் இல்லாமலிருக்கலாம். அப்போதுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. முதலிலேயே மனுவை நீட்டாமல் ஊராட்சிச் செயலரிடம் ஒருமுறை வாயால் கேளுங்கள். பல நேரம் அவரே பதிவேட்டைக் காட்டிவிடுவார், அவருக்கும் மேலிடத்தின் மேல் ஒரு குறை இருக்கும்.

மனுவுக்குப் படிவம் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் மழுப்பலாக இருந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதன் பிறகும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்வி கேட்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'எங்கள் ஊருக்கு ஏன் தண்ணீர் வரவில்லை?' என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: 'எங்கள் ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குக் கடந்த ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை நாள்வாரியாக வழங்கப்பட்ட நீரின் அளவைக் காட்டும் பதிவேட்டுப் பக்கங்களின் நகலைத் தரவும்.' தேதி உண்டு, பதிவேடு உண்டு, நகல் என்ற சொல் உண்டு. பக்கத்துக்கு 2 ரூபாய்.

பயனாளிகளின் பெயர்ப்பட்டியல் கேட்கும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தித் தனிநபர் விவரம் என்றாலே மறுக்க வழி செய்துவிட்டது. என் பார்வையில் இது பெரிய பின்னடைவு. எனவே தடைக்கால நிவாரணம் பற்றிக் கேட்பதானால், 'எங்கள் ஊரில் விண்ணப்பித்தவர் எத்தனை, வழங்கப்பட்டது எத்தனை, நிராகரித்தது எத்தனை, காரணம்வாரியாக' என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். இந்த நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. அறிவிப்பு யாருக்கும் மறக்கவில்லை, அதனால் இந்தக் கேள்விக்கு ஊரில் ஆதரவு தானாகச் சேரும்.

ஐந்தாம் படி: வாசித்துக் காட்டுதல்

இந்த முழு வேலையிலும் மிக முக்கியமான படி இதுதான் என்பேன். இராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-உழவர் அமைப்பு 1994-இல் செய்தது இதுதான்: அரசு வேலைக்கான வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். செத்தவர் பெயரிலும், ஊரைவிட்டுப் போனவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அங்கேயே வெளிப்பட்டது. தகவல் உரிமைச் சட்டத்துக்கான கோரிக்கை அப்படிப்பட்ட கூட்டங்களிலிருந்துதான் வலுப்பெற்றது. அன்று அங்கே கணினி கிடையாது.

ஒரு சார்ட் பேப்பரில் அரசு சொல்லும் எண், ஊர் எழுதிய எண் என்று இரண்டே எண்களைப் பெரிதாக எழுதி ஏலக்கூடத்தில் ஒட்டுங்கள். மகளிர் குழுக் கூட்டத்திலும், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வெளியே வரும் இடத்திலும், ஞாயிறு பூசை முடிந்த பிறகும் வாசியுங்கள். 'நம்ம ஊர்ல எல்லா வீட்டுக்கும் குழா இருக்குன்னு போட்டிருக்கான்' என்று வாசித்த உடனே கூட்டத்திலிருந்து ஓர் அக்கா, 'காத்து வர்ற குழாயவும் சேத்தா, தம்பி?' என்று கேட்பார். அந்தக் கேள்வியை அப்படியே நோட்டில் எழுதுங்கள். கிராம சபையில் அதைக் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை, அந்த அக்கா.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் பிடிஎஃப் வேண்டாம், யாரும் திறப்பதில்லை. ஒரு நிமிடக் குரல் பதிவு, ஊர்ப் பேச்சில், போதும். பாம்பன் பக்கம் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி 2016 முதல் மீனவர்களுக்கென்றே ஒலிக்கிறது. கரைக்கு அருகில் இருக்கும் படகிலும் கேட்கும். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆறாம் படி: கிராம சபை

ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மே 1-ஐ வட்டமிட்டுக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஆட்கள் கரையில் வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். ஆண்டு முழுவதும் கடலில் கிடப்பவர்களைக் கிராம சபையில் உட்கார வைக்கக் கிடைக்கும் ஒரே நாள் அது. தண்ணீர்ப் பஞ்சமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆகவே நோட்டை ஜனவரியில் தொடங்கினால் மே 1-க்கு மூன்று, நான்கு மாதக் கணக்கு கையில் இருக்கும்.

கூட்ட அறிவிப்பு ஏழு நாள் முன்னால் வர வேண்டும். 500 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது குறைவெண் வரம்பு. ஆள் சேரவில்லை என்றால் கூட்டம் செல்லாது. பிறகு வீடு வீடாகக் கூட்டப் பதிவேட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வேலை நடக்காமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோதும் கிராம சபை நின்றுவிடவில்லை. தலைவர் இல்லாவிட்டாலும் தீர்மானம் போடலாம்.

பேசுவதைவிட எழுதிக்கொண்டு போவது பலிக்கும். தீர்மானத்தின் வாசகத்தையே தயாராகக் கொடுங்கள்: 'ஜல் ஜீவன் தளத்தில் எங்கள் ஊராட்சியின் எல்லா வீடுகளுக்கும் இணைப்பு உள்ளதாகக் காணப்படுகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை 24 வீடுகளில் எடுத்த கணக்கின்படி ஒரு வீட்டுக்கு மாதம் சராசரியாக 160 குடமே கிடைத்துள்ளது. தொட்டிக்கு வரும் நீரின் அளவைத் தினமும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதவும், கடைசித் தெருவுக்குத் தனி வால்வு அமைக்கவும், ஜூலை 31-க்குள் நடவடிக்கை எடுத்து ஆகஸ்டு 15 கிராம சபையில் தெரிவிக்கவும் தீர்மானிக்கப்படுகிறது.' இதில் உள்ள எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் நோட்டின் எண்ணைப் போடுங்கள். 'ஆவன செய்யப்படும்' என்ற சொல்லை மட்டும் ஏற்காதீர்கள். பதிவேட்டில் ஏறியதை அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு எழுந்திருங்கள்.

இராமேசுவரம், கீழக்கரை போன்ற நகராட்சிகளில் கிராம சபை கிடையாது. வார்டு குழுவும் பகுதி சபையும்தான். வாசகம் அதேதான்.

ஏழாம் படி: விடாமல் பின்தொடர்தல்

முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-இல் பேசலாம், திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், மீனவர் குறைதீர் கூட்டமும் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் மனு எண்ணையும் தேதியையும் அதே ஷீட்டில் ஏற்றுங்கள். 'தீர்வு காணப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்த மனு, உண்மையில் தீராமல் கிடந்தால் அதற்கு ஒரு தனி நிறம் கொடுங்கள். அடுத்த கிராம சபையில் அந்த நிறம் மட்டும் பேசும்.

கடற்கரையைப் பற்றிய கேள்வியானால்

தண்ணீர்க் கேள்வி ஒரு சுற்று வந்த பிறகு, கடலோர ஊருக்கே உரிய இரண்டு இடங்களைக் கண்காணிக்கத் தொடங்குங்கள்.

ஒன்று, கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம். 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரையில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் அலையேற்றக் கோட்டிலிருந்து 50 மீட்டர் மட்டுமே கட்டுமானத் தடைப் பகுதி. அதற்குக் கீழே இருந்தால் 200 மீட்டர். ஆக, உங்கள் ஊர் எந்தப் பக்கம் விழுகிறது என்பது ஒரு பழைய கணக்கெடுப்பு எண்ணைப் பொறுத்திருக்கிறது. வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியவை: ஊரின் பெயர் இருக்கிறதா, படகு ஏற்றும் இடம், வலை காயப்போடும் இடம், கருவாட்டுக் களம் இருக்கின்றனவா. தமிழகத்தின் வரைவு வரைபடங்களில் மீனவர் குடியிருப்புகள் சரிவரக் காட்டப்படவில்லை என்று 2023-இல் மீனவர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. இல்லாததை நீங்களே கைப்பேசி ஜிபிஎஸ் வைத்துக் களத்தைச் சுற்றி நடந்து குறித்து, வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த இடத்தின் புல எண்ணைப் பார்த்துச் சேர்த்து, எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். அ-பதிவேடு அரசின் இ-சேவைத் தளத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கிறது.

இரண்டு, சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான பரிவேஷ் தளம். இம்மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு தேடும் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஒன்றிய அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி 2023-இன் இறுதியில் விண்ணப்பித்தது. 2025 மார்ச்சில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. ஆகஸ்டில்தான் அது ஊரெல்லாம் தெரிந்து எதிர்ப்பு கிளம்பியது. அனுமதிக்க மாட்டோம் என்று மாநில அரசு அறிவித்து, அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்திடம் சொன்னது. மார்ச்சிலேயே தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜனவரியில் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. பந்தல் போட்டு மைக் வைத்து உங்களை யாரும் கூப்பிடப் போவதில்லை, தளத்தில் ஒரு வரி ஏறும், அவ்வளவுதான். குழுவில் ஒருவர் மாதத்தின் முதல் நாள் பரிவேஷில் மாவட்டத்தின் பெயரைத் தேடிப் பார்த்து, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று குரல் பதிவாகச் சொல்லட்டும். புதிதாக எதுவும் இல்லையென்றாலும் 'ஒன்றுமில்லை' என்று சொல்லட்டும்.

செயற்கைக்கோள் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டர். கழிமுகம் தூர்ந்தது, அலையாத்திக் காடு அழிந்தது போன்ற பெரிய மாற்றத்துக்கு அது சாட்சி சொல்லும். கடலரிப்பைத் தடுக்கக் கட்டிய கற்சுவரான தூண்டில் வளைவின் ஓரத்தில் மூன்று மீட்டர் கரை போனதற்கு அதைக் காட்டாதீர்கள். அதற்கு ஒரே இடத்தில் நின்று மாதாமாதம் எடுத்த கைப்பேசிப் படமே மேல்.

கடைசியாக, சாவி யாரிடம் என்ற விஷயம். இந்தக் கரையில் கணினி தெரிந்த பிள்ளைகள் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுவார்கள், கீழக்கரைப் பக்கமென்றால் சபர் (வெளிநாடு) போய்விடுவார்கள். அவர்களுடைய சொந்த மின்னஞ்சலில் ஷீட்டைத் தொடங்கியிருந்தால் நான்கு மாத உழைப்பும் விமானம் ஏறிவிடும். குழுவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்குங்கள். கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் ஊரைவிட்டுப் போகாத ஆளாக, மகளிர் குழுக் கணக்கு எழுதும் அக்காவாக இருக்கட்டும். மாதம் முடிந்ததும் ஷீட்டை ஒரு தாளில் அச்செடுத்து அவரிடம் கொடுங்கள்; நோட்டுகளும் அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.